கண்ணாடித் தொட்டியின் வரவு செலவு

பள்ளியில் தாவரவியல் படித்த எவரும் ஹைட்ரில்லாச் சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். முகவையில் நீர், நீருக்குள் ஹைட்ரில்லாக் கிளைகள், அவற்றின்மேல் கவிழ்த்த புனல், புனலின் காம்பின்மேல் நீர் நிரப்பிய சோதனைக் குழாய். வெயிலில் வைத்தால் குமிழிகள் எழும். நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடாவைப் போட்டால் குமிழிகள் இன்னும் விரைவாக எழும். 'ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு தேவை' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். வீட்டு நன்னீர்த் தொட்டியில் செடிகளைச் செழிப்பாக வளர்ப்பது எப்படி என்று உலகெங்கும் ஆர்வலர்களிடையே நடந்துவரும் பெரிய வழக்கின் சாரம் அந்தச் சிட்டிகைச் சோடாவில்தான் இருக்கிறது.

வழக்கின் ஒரு பக்கத்தில் நிற்பவர் ஜப்பானைச் சேர்ந்த தகாஷி அமானோ (1954–2015). இயற்கைக் காட்சிகளைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர். 1982இல் சொந்த நிறுவனம் தொடங்கி, நீர்த்தாவரத் தொட்டியை ஒரு கலையாகவே ஆக்கினார். லிஸ்பன் நகரின் கடல்வாழ் உயிர்க் காட்சியகத்தில் 2015இல் திறக்கப்பட்ட அவருடைய கடைசிப் பெரும் படைப்பு 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் நீரும் கொண்டது. அவர் வழியில் உருளையிலிருந்து கரியமில வாயு நீருக்குள் செலுத்தப்படுகிறது. கடுமையான ஒளி, தனியே செய்த அடிமண், திரவ உரங்கள், அடிக்கடி நீர் மாற்றம், ஓயாத கத்தரிக்கோல் வேலை ஆகிய அனைத்தும் அதனுடன் சேர்ந்தே வரும்.

மறுபக்கத்தில் ஒரு புத்தகம் நிற்கிறது. அமெரிக்காவைச் சேர்ந்த டயானா வால்ஸ்டாட் எழுதி 1999இல் முதற்பதிப்பு கண்ட 'எக்காலஜி ஆஃப் தி பிளான்டட் அக்வேரியம்' என்னும் நூல் அது. அடியில் ஏறத்தாழ ஓர் அங்குலம் சாதாரண மண், அதன்மேல் பொடிச் சரளை, முதல் நாளிலேயே நெருக்கமாக நட்ட செடிகள், அளவான மீன்கள், சன்னல் வெளிச்சம், ஒரு குழல் விளக்கு, அவ்வளவே. உருளையும் இல்லை, உரப் புட்டியும் இல்லை. மீனுக்குப் போடும் உணவே செடிக்கு உரம். வாங்கும் வசதி குறைந்த மாணவனுக்கு இந்நூல் ஒரு கதவைத் திறந்துவிடுகிறது. அதனாலேயே இதை நன்றாகத் தட்டிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் அமானோவுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிடுவோம். அவருடைய உருளை ஆடம்பரம் அல்ல. இயற்பியல் அவர் பக்கம் இருக்கிறது. காற்றுடன் சமநிலை கொண்ட 25 டிகிரி நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு லிட்டருக்குச் சுமார் 0.6 மில்லிகிராம்தான். தவிர, ஒரு வாயு மூலக்கூறு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீருக்குள் இருக்கும் இலையைச் சுற்றி அசைவற்ற மெல்லிய நீர்ப்படலம் ஒன்று போர்வைபோல் ஒட்டியிருக்கும். அதைக் கடந்துதான் ஒவ்வொரு மூலக்கூறும் உள்ளே போகவேண்டும். உருளை வைத்திருப்போர் இந்த 0.6 மில்லிகிராமை 20 அல்லது 30 ஆக உயர்த்துகிறார்கள். செடி பாய்ந்து வளர்வதில் வியப்பில்லை.

ஆனால் அமானோ தம் முறைக்கு 'இயற்கைத் தொட்டி' என்று பெயர் வைத்தார். இங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. இத்தகைய தொட்டிகளைப் படமெடுக்கும்போது குழாய்களையும் வாயுக் கருவியையும் வெளியே எடுத்துவிடுவது வழக்கம். நாம் பார்ப்பது செடிகள் உச்சநிலையில் இருந்த ஒரு நாளின் படம். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் உள்ள உழைப்பும் மின்சாரமும் சட்டகத்துக்கு வெளியே நிற்கின்றன. கலை என்ற முறையில் இதில் குற்றம் இல்லை. நாடக மேடையில் கயிறுகளை யாரும் காட்டுவதில்லை. இதை இயற்கையின் ஒரு துண்டு என்று நம்பி, விளக்கை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, நாலாம் வாரம் தொட்டி முழுதும் பாசி படர்ந்து நிற்பவர்தான் பரிதாபத்துக்குரியவர்.

வால்ஸ்டாட் கயிறுகளைக் காட்டுகிறார். அவர் நூலின் முதற் சிறப்பு இது. ஏரிகள், கழிவுநீர்க் குட்டைகள், சோதனைக்கூடத் தாவரங்கள் பற்றி ஆய்வாளர்கள் எழுதிக் குவித்த கட்டுரைகளைத் தேடிப் படித்து, 'இதற்கு என்ன சான்று?' என்று ஒவ்வொரு வழக்கத்தையும் கேட்கிறார். மீன் கடைகளில் சொல்லப்படும் ஒரு நம்பிக்கையை அவர் தலைகீழாக்கும் பகுதியைப் பாருங்கள். மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட் செடிக்கு உணவு. ஆகவே வடிகட்டி பெரிதாக இருப்பது செடிக்கு நல்லது என்பது பழைய பாடம். நீர்த்தாவரங்களில் பல, அம்மோனியத்தையே முதலில் விரும்பி எடுக்கின்றன என்பதை வால்ஸ்டாட் ஆய்வுகளிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். காரணம் எளிது. நைட்ரேட்டை எடுத்த செடி அதை உள்ளே மீண்டும் அம்மோனியமாக ஒடுக்கவேண்டும். நைட்ரஜனின் ஆக்சிஜனேற்ற எண் +5இலிருந்து −3க்கு இறங்க 8 எலெக்ட்ரான்கள் தேவை. அந்தச் செலவு முழுதும் ஒளியிலிருந்து செடி சேர்த்த ஆற்றலிலிருந்து போகிறது. சமைத்த சோற்றைப் பிடுங்கிக்கொண்டு நெல்லைக் கையில் கொடுத்தது போன்ற வேலையைத்தான் பெரிய வடிகட்டி செய்கிறது. இந்த ஒரு பகுதிக்காகவே நூலைப் படிக்கலாம்.

ஒளியைப் பற்றி நூல் சொல்வது அவ்வளவு உறுதியாக இல்லை. தொட்டியின் கொள்ளளவுக்கு இத்தனை வாட் என்ற பழைய கணக்கையே அது சார்ந்து நிற்கிறது. வாட் என்பது விளக்கு மின்கம்பியிலிருந்து உண்ணும் அளவு. செடிக்குக் கிடைக்கும் அளவு அல்ல. குழல் விளக்குக் காலத்தில் ஓரளவு பொருந்திய இக்கணக்கு, எல்.இ.டி. விளக்குகள் வந்தபின் பயனற்றுவிட்டது. கடைக்காரர் காட்டும் லூமன் எண்ணும் உதவாது. லூமன் மனிதக் கண்ணுக்காக ஏற்பட்ட அலகு. 555 நானோமீட்டர்ப் பச்சை ஒளிக்கே அதில் முதல் மரியாதை. பச்சையமோ நீலத்தையும் சிவப்பையும் சிறப்பாக ஈர்க்கிறது. மேலும், ஒளிச்சேர்க்கை ஃபோட்டான்களை எண்ணிக்கையால் கணக்கிடுகிறது. ஒரே ஒரு வாட் ஆற்றலில் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி தரும் ஃபோட்டான்கள், 450 நானோமீட்டர் நீல ஒளி தருவதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. (மாணவர்கள் பிளாங்கின் சமன்பாட்டைக் கொண்டு தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.)

இன்னொன்று. தொலைவு இருமடங்கானால் ஒளி கால்பங்காகும் என்ற விதியைச் சில கையேடுகள் தொட்டிக்கும் பொருத்திவிடுகின்றன. அது புள்ளி ஒளிமூலத்துக்கு உரியது. தொட்டியின் மேற்பரப்பில் செங்குத்திலிருந்து சுமார் 60 டிகிரிக்குள் சாய்ந்து விழும் கதிர்கள் எல்லாம் பக்கக் கண்ணாடியில் பட்டதும் முழு அக எதிரொளிப்பு அடைந்து உள்ளேயே திரும்புகின்றன. தொட்டி ஓர் அகன்ற ஒளிக்குழாய் போல வேலை செய்கிறது. கண்ணாடியைத் துடைத்து வைத்திருப்பதால் செடிக்கும் ஆதாயம் உண்டு.

இனி நூலின் மையத்துக்கு வருவோம். மீன் உணவில் செடிக்கு வேண்டிய எல்லாத் தனிமங்களும் உள்ளன என்று ஓர் அட்டவணை சொல்கிறது. உண்மைதான். ஆனால் எல்லாம் இருப்பது வேறு. தக்க விகிதத்தில் இருப்பது வேறு. நூறு லிட்டர்த் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 1 கிராம் உலர் உணவு. அதில் 45 சதவீதம் புரதம் எனக் கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். எனவே மாதத்துக்கு 2.1 கிராம் நைட்ரஜன் தொட்டிக்குள் விழுகிறது. அது முழுதும் நைட்ரேட்டாகி நீரிலேயே தங்கினால் லிட்டருக்கு 90 மில்லிகிராமைத் தாண்டும். செடியே இதை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார் வால்ஸ்டாட். எடுத்துக்கொள்ளட்டும். செடியின் உலர் எடையில் நைட்ரஜன் சுமார் 3 சதவீதம். ஆகவே 70 கிராம் உலர்பொருள், அதாவது பச்சை எடையில் முக்கால் கிலோ அளவு புதிய செடி, மாதந்தோறும் வளரவேண்டும். அந்த 70 கிராமில் 40 சதவீதம் கார்பன், 28 கிராம். ஆனால் மாதம் முழுதும் போட்ட 30 கிராம் உணவில் உள்ள கார்பன் 13 அல்லது 14 கிராம்தான்! மீனின் உடலில் சேர்வதைக் கழித்துப் பார்த்தாலும் இந்தப் போக்கு மாறாது.

பற்றாக்குறையான பாதியை யார் தருவது? மூன்று வழிகள் உள்ளன. முதலாவது மண். அதில் உள்ள மட்கு சிதையும்போது கரியமில வாயு வருகிறது. புதுத் தொட்டி முதல் சில மாதங்களில் பூரித்து நிற்பதற்கு இது பெரிய காரணம். ஆனால் இது வட்டி அல்ல, முதல். எடுக்க எடுக்கக் குறையும். இரண்டாவது, கடின நீரில் உள்ள பைகார்பனேட். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்றவை அதைப் பயன்படுத்த வல்லவை. கபோம்பாவும் நீர்ப் பாசங்களும் வல்லவை அல்ல. ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரில் வாலிஸ்னேரியா காடாகப் பரவ, பக்கத்திலேயே கபோம்பா கரைந்து மறைவதைப் பலர் கண்டிருப்பார்கள். கைராசி என்று சொல்லிக்கொள்கிறோம்.

மூன்றாவது வழி காற்று. இலையை நீருக்குமேல் நீட்டும் செடிக்கும் மிதக்கும் செடிக்கும் அந்தப் பத்தாயிரம் மடங்குத் தடை இல்லை. 'காற்றின் ஆதாயம்' என்ற தனி அத்தியாயத்தில் வால்ஸ்டாட் இதை நன்றாகவே விளக்குகிறார். என் குறை, அந்த அத்தியாயம் நூலின் பிற்பகுதியில் இருப்பது. மேற்சொன்ன கணக்குப்படி பார்த்தால், உருளையில்லாத தொட்டியின் உயிர்நாடியே மிதக்கும் செடிதான். உர அட்டவணையோடு சேர்த்தே அதைச் சொல்லியிருக்கவேண்டும். அட்டவணையை மட்டும் படித்துவிட்டு, அழகுக்குக் குறுக்கே வருகிறதென்று மிதவைச் செடிகளை அள்ளி எறிபவருக்கு நைட்ரேட்டும் பாசியும் ஏறும். அவர் நூலைக் குறை சொல்வார். பிந்திய பதிப்புகளில் வால்ஸ்டாட் சேர்த்துள்ள நடுப்பகல் ஓய்வு முறை நல்ல சேர்க்கை. பகலில் கரியமில வாயு தீர்ந்துபோவதைத் தம் தொட்டியிலேயே அளந்து பார்த்து, இடையில் சில மணி நேரம் விளக்கை அணைத்தால் அது மீள்வதைக் காட்டுகிறார். பிறர் கட்டுரைகளைவிட இந்தச் சொந்த அளவீடு என்னை அதிகம் நம்பவைத்தது.

நம் ஊர் வாசகர் சில இடங்களில் எச்சரிக்கையாகப் படிக்கவேண்டும். நூல் மிதவெப்ப நாட்டில் எழுதப்பட்டது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் சிதைவின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். நீரில் கரையும் ஆக்சிஜனோ 25 டிகிரியில் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 30 டிகிரியில் 7.5 அளவு எனக் குறையும். சித்திரை மாதத்து இரவில், விளக்கணைந்து செடிகளும் சுவாசிக்கும் நேரத்தில், தொழுவுரம் கலந்த மண் அடியில் நொதித்துக்கொண்டிருந்தால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். உரம் கலக்காத மண்ணே போதும். அதுவும் ஓர் அங்குலத்துக்குக் குறைவாக. சன்னல் வெயில் என்பதையும் மேற்குச் சன்னல் என்று கொள்ளவேண்டாம். எந்த முறையும் கைகொடுக்கும் செடி வேண்டுமானால் கிரிப்டோகோரைன் வென்ட்டியை நாடலாம். இலங்கையின் காட்டோடைகளில் பிறந்த இனம். நிழலுக்கும் வெப்பத்துக்கும் பழகியது. நட்ட சில நாளில் இலைகள் கரைந்தாலும் வேரைப் பிடுங்காமல் விட்டால் மீண்டும் துளிர்க்கும்.

நூலில் எனக்கு மிகவும் ஐயம் தருவது, செடிகள் வேதிப்பொருள்களை வெளியிட்டுப் பாசியை அடக்குகின்றன என்னும் அத்தியாயம். மிரியோஃபில்லம் போன்ற சில செடிகள் அத்தகைய பொருள்களை வெளியிடுவது மெய்ப்பிக்கப்பட்டதே. ஆனால் செடி நிறைந்த தொட்டியில் நிழலும் உண்டு, உணவுப் போட்டியும் உண்டு. பாசி வராமைக்கு இம்மூன்றில் எது காரணம் என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. ஆய்வகச் சான்றிலிருந்து வீட்டுத் தொட்டிக்கு வால்ஸ்டாட் இங்கே சற்று எளிதாகத் தாவிவிடுகிறார்.

இதைக் கல்லூரி மாணவர்களே சோதித்துப் பார்க்கலாம். மிரியோஃபில்லம் அடர்ந்து வளர்ந்த நீரை வடிதாளில் வடித்து இரு பங்காக்குங்கள். ஒரு பங்கை மட்டும் கிளர்வுற்ற கரியின்மேல் செலுத்துங்கள். கரி, கரிமப் பொருள்களைப் பற்றிக்கொள்ளும், நைட்ரேட்டை அவ்வளவாகத் தொடாது. செடியே வளராத நீரையும் இதேபோல் இரு பங்காக்குங்கள். நான்கிலும் ஒரே அளவு உரம் சேர்த்து, பச்சைக் குளத்து நீர் சில சொட்டுகள் விட்டு, ஒரே சன்னலில் வையுங்கள். உணவும் ஒளியும் சமமாகிவிட்டதால், கரி படாத செடிநீரில் மட்டும் பச்சை பின்தங்கினால் வால்ஸ்டாட் பக்கம் தீர்ப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டில் போதாது, ஐந்தாவது வேண்டும். இடங்களை நாள்தோறும் மாற்றி வைக்கவும் மறக்கவேண்டாம், சன்னலின் ஓரத்து வெளிச்சமும் நடு வெளிச்சமும் ஒன்றல்ல.