பலகையும் கிடுகும்

தஞ்சாவூர் ஓவியன் வேலை தொடங்கும் விதத்தை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு, 'கலப்பு ஊடகம்' என்று இக்காலத்தில் வழங்கும் தொடர் ஏதோ நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய சரக்கு என்று ஒருபோதும் தோன்றாது. பலாப் பலகையை இழைத்து, அதன்மேல் துணியைப் பசையிட்டு ஒட்டி, சுண்ணத்தூளும் பசையும் குழைத்த பூச்சைப் பல முறை பூசி உலர்த்தி, சங்கைப்போல் வழவழப்பாகும்வரை தேய்த்து, கண்ணனுடைய கிரீடமும் ஆரமும் மண்டபத் தூணும் வரவேண்டிய இடங்களில் மக்கு வைத்து மேடாக்கி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கை ஒட்டி, இவ்வளவும் முடிந்த பின்னரே அவன் வர்ணக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறான். மரமும் துணியும் சுண்ணமும் கண்ணாடியும் பொன்னும் சேர்ந்து உண்டாக்கிய ஒரு ஸ்தூல உலகத்தினுள் தூரிகை கடைசி விருந்தாளியாகத்தான் நுழைகிறது.

ஆயினும் அவனுக்கும் இன்றைய கலப்பு ஊடக ஓவியனுக்கும் உள்ள தூரம் சிறிதன்று. இன்ன இடத்தில் இன்ன பொருள் என்பதைத் தஞ்சை ஓவியனுக்குச் சம்பிரதாயம் விதித்துவிட்டது. முடிந்த படம் எந்தப் பூஜையறையில் யார் கண்முன் நிற்கும் என்பதையும் அதுவே நிச்சயித்துவிட்டது. இன்றைய ஓவியனோ எதை ஒட்டுவது என்று தானே தேடவேண்டும், யார் முன் வைப்பது என்றும் தானே தேடவேண்டும். இவ்விரண்டு தேடல்களும் வேறு வேறானவை என்றே பலரும் கருதுகின்றனர். இலங்கையிலும் இந்தியாவிலும் ஓவியக் காட்சிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்திருக்கும் எனக்கோ அவை ஒன்றே என்ற எண்ணம் வர வர உறுதிப்படுகிறது. படத்தில் ஒட்டப்பட்ட பொருள் எந்த வீட்டிலிருந்து வந்ததோ, அந்த வீட்டார் அதன் முன் வந்து நிற்கும்வரை அந்தப் படம் முற்றுப்பெறுவதில்லை.

சென்னையின் கதை ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது. அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் 1850இல் நிறுவிய கலைப் பள்ளி நெடுங்காலம் கைத்தொழிற் பயிற்சிக்கே முதன்மை தந்துவந்தது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் தலைமையை ஏற்றபின் நுண்கலைக்கு அங்கே பிரதான ஸ்தானம் கிட்டியது. அவருக்குப்பின் 1957 முதல் பத்தாண்டுகள் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர், பாரிஸிலிருந்து கடன் வாங்காத ஒரு நவீனம் நமக்குச் சித்திக்குமா என்ற கேள்வியோடு தம் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் ஜாதகக் கட்டங்களும், படிக்கத் தூண்டிப் பின் படிக்க இடங்கொடாத மலையாள எழுத்துகளின் சாயலும், கணித அட்டவணைகளும் கித்தானை நிறைத்தன. அவை வர்ணத்தால் எழுதப்பட்டவையே. எனினும், ஏட்டில் இருக்கவேண்டியது படத்துக்குள் வரலாம் என்ற அனுமதி அன்று கிடைத்துவிட்டபடியால், ஏடே நேரில் வந்து ஒட்டிக்கொள்வதற்கும் கதவு திறந்துகொண்டது. பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டித் தட்டிச் சிற்பத்துக்கும் சித்திரத்துக்கும் இடையிலிருந்த சுவரைத் தணித்ததும், பணிக்கரின் புதல்வர் எஸ். நந்தகோபால் உலோகத்தின்மீது எனாமல் நிறங்களை ஏற்றியதும், சி. டக்ளஸ் கசங்கிய தாளின் சுருக்கங்களையே கோடுகளாக ஏற்று மங்கிய மண்ணிறங்களில் உருவங்களைப் புதைத்ததும் அந்த அனுமதியின் தொடர்ச்சிதான்.

பணிக்கரின் மற்றொரு சாதனையை அவருடைய ஓவியங்களுக்கும் மேலாக மதிக்க நான் தயங்கமாட்டேன். படம் விற்று வாழமுடியாத காலத்தில், அவர் தலைமையில் ஓவியர்கள் பாத்திக் துணிகளைத் தாமே மெழுகிட்டுச் சாயம் தோய்த்து விற்று, அதில் வந்த பணத்தைக்கொண்டு ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் ஏறத்தாழ பத்து ஏக்கர் மணல் வெளியை வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற கிராமத்தை ஸ்தாபித்தார்கள். அரசினர் கொடுத்த நிலமன்று அது. கைவேலை ஈட்டிய நிலம். பகலில் துணிக்குச் சாயமேற்றிய அதே கை இரவில் எவருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படாமல் வரைந்தது என்ற செய்தியை நினைக்கும்தோறும் என் மனம் நெகிழ்கிறது.

கலப்பு ஊடக ஓவியனுடைய அன்றாட வாழ்வு, வெளியே நினைக்கப்படுவதுபோல் உன்மத்தமும் உத்வேகமும் நிறைந்ததன்று. அதில் பாதி பசை காய்ச்சுவதிலும் காயும்வரை காத்திருப்பதிலும் கழிகிறது. மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்கையில், வெண்மை மாறிக் கண்ணாடிபோல் ஓர் ஒளி அதில் ஓடும். அந்தக் கணத்தில் இறக்கி, மயில்துத்தம் ஒரு சிட்டிகை தூவி ஆறவைக்க வேண்டும். துத்தத்தை மறந்தால் இரண்டு மழைக்காலம் கழிந்தபின் இராமபாணப் பூச்சி படத்தின் பின்புறத்தில் தன் சொந்தச் சித்திரத்தை எழுதிவிடும்; அதிகம் போட்டாலோ பழைய தாளின் பழுப்பில் பச்சை பாய்ந்துவிடும். கடலோரத்தில் வாழ்பவனுக்கு உப்புக்காற்று வேறு கவலை. ஒட்டிய இரும்பாணி துருவேறி வழிந்து, வரைந்தவன் எண்ணாத செந்நிறக் கோடு ஒன்றைப் படத்தின் குறுக்கே இழுக்கும். அதை அழிப்பதா ஏற்பதா என்று தீர்மானிப்பதில் ஒரு வாரம் போய்விடும். இவ்விஷயத்தில் ஈஞ்சம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துக் குருநகருக்கும் வேற்றுமையில்லை. இரண்டும் ஒரே உப்புக்காற்றையே சுவாசிக்கின்றன.

இலங்கையில் நவீன ஓவியத்தின் தொடக்கமாகக் கொள்ளப்படும் '43 குழு கொழும்பில் உருவானது. புகைப்படக் கலைஞரும் பியானோ வித்தகருமான லயனல் வென்ட் அதன் மையமாக நின்றார். ஜார்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல ஆகியோருடன், துறவியாயிருந்து விகாரைச் சுவர்களின் சித்திரங்களைப் பிரதி செய்துவந்த மஞ்சுஸ்ரீயும், யாழ்ப்பாணத்தவரான எஸ். ஆர். கனகசபையும் அதில் இருந்தனர். குழு உருவான மறுவருடமே வென்ட் மறைந்தார். அவர் பெயரால் 1953இல் எழுந்த அரங்கும், அதையடுத்து அமைந்த காட்சிக்கூடமும் இன்றுவரை கொழும்பு ஓவியர்களின் புகலிடமாக இருக்கின்றன. அத்தலைமுறையினர் பெரும்பாலும் கித்தானையும் எண்ணெய் வர்ணத்தையுமே நம்பினர். வேற்றுப் பொருள்கள் படைப்பினுள் பெருகியது 1990களில்தான்; அதற்குக் காரணம் அழகியல் சர்ச்சையன்று, யுத்தம். சோதனைச் சாவடிதோறும் நிறுத்தப்பட்டிருந்த எண்ணெய்ப் பீப்பாயை 1997இல் சந்திரகுப்த தேனுவர காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியபோது, தெருவில் அன்றாடம் கடந்துபோன பொருளை மக்கள் முதன்முறையாக நின்று பார்த்தார்கள்.

கொழும்பில் 1993 முதல் நடந்துவரும் 'கலா பொல'வையும் பெங்களூரில் ஜனவரி தோறும் குமாரகிருபா சாலையில் கூடும் 'சித்ர சந்தே'யையும் இங்கே ஒருவரியில் சேர்த்துச் சொல்லலாம்: சிங்களத்தில் பொல என்றாலும் சந்தை, கன்னடத்தில் சந்தே என்றாலும் சந்தை. மரக்கறி வாங்கும் முகபாவத்தோடு ஜனங்கள் படம் பார்க்கும் அந்த ஒரு நாளின் உற்சாகம் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வாய்க்கவேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

இனி யாழ்ப்பாணத்துக்கு வருகிறேன். சொல்லவேண்டியது அங்கேதான் அதிகம். பள்ளிக்கூடச் சித்திர ஆசிரியர்களே அங்கு கலையைக் காத்தவர்கள். கனகசபைக்குப் பின் அந்த வரிசையில் முதன்மையானவர், 'மாற்கு மாஸ்டர்' என்று ஊரே அழைத்த அ. மாற்கு. 1933இல் பிறந்து 2000இல் மறைந்த அவர், வாசுகி, அருந்ததி முதலிய மாணவிகளை உருவாக்கி, பெண்கள் தூரிகையைத் தம் வாழ்வின் சாதனமாகக் கொள்ளலாம் என்ற துணிவை அங்கே விதைத்தார். 1987இல் அவரைக் கௌரவித்து வெளிவந்த 'தேடலும் படைப்புலகமும்' என்ற நூல், கண்காட்சிக்கூடம் இல்லாத ஊரில் ஓர் ஓவியனுக்கு எடுக்கப்பட்ட காகிதக் கூடமென்றே எனக்குத் தோன்றும்.

பின்னர் யுத்தத்தினூடே வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில், மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் மக்கள் அலைந்தனர். நாளிதழ்கள் பள்ளிப் பிள்ளைகளின் கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாயின. செய்தித்தாளே கொப்பித் தாளாகிவிட்ட ஊரில் ஓவியன் எதில் வரைவான்? கையில் கிடைத்ததில் வரைந்தான். சென்னை ஓவியன் பழைய தாளை அதன் பழமையின் அழகுக்காகத் தேர்ந்தெடுத்த அதே வருஷங்களில், யாழ்ப்பாணத்தான் வேறு தாள் இல்லாமையால் அதை எடுத்தான். ஒன்று தேர்வு, மற்றது தேவை; ஒட்டிக் காய்ந்தபின் இரண்டும் ஒன்றுபோல் காட்சியளிக்கலாம், ஆனால் ஒன்றின் முன் நாம் ரசிகராக நிற்கிறோம், மற்றதன் முன் சாட்சியாக நிற்கிறோம்.

டெல்லியில் பயின்று மீண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் தா. சனாதனன் இந்தச் சாட்சித்தன்மையை உணர்ந்து பணிபுரிபவர். 2004இல் 'அகம் புறம்' என்ற காட்சி யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்தது. 1981இல் ஏறக்குறைய 97,000 நூல்களோடு எரிந்த கட்டடம் அது. புதுச் சுண்ணாம்பு மணம் மாறாத அதன் அறையில், ஊராரிடமிருந்து அவர் பெற்றுவந்த சிறுசிறு பொருள்கள், அவரவர் பிரிவுக்கும் இடப்பெயர்வுக்கும் எஞ்சிய அடையாளங்கள், ஒன்றுசேர்ந்து ஒரு வரலாறாக நின்றன. நூல்கள் எரிந்த இடத்தில் வீடுகள் பேசின. 2011இல் வெளியான அவருடைய 'நிறைவுறாத் தோம்பு' என்று பொருள்படும் நூலிலோ, வீடிழந்தவர்கள் நினைவிலிருந்து கீறித்தந்த வீட்டுப் படமும், கட்டடக் கலைஞர் அதை அளவிட்டு வரைந்த படமும், ஓவியரின் சித்திரமும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரை, காணியே கையைவிட்டுப் போனவர்களின் நினைவேட்டுக்கு இட்டது மிக ஆழ்ந்த சிந்தனை. மலையகத்திலிருந்து யாழ்ப்பாணம் வந்து பயின்ற ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பைகளையும் வடிதட்டுகளையும் தம் படைப்புக்கு எடுத்துக்கொண்டதும் இவ்வகையினதே. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல் கையில் தேயிலைக் கறை வெறும் பழுப்பு நிறமாக இருக்கமுடியாது.

காட்சி வைக்கும் முறைக்கு வருவோம். சென்னையில் கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதெமியின் கூடமும் தனியார் கூடங்களும் உண்டு. வாடகை கட்டி, சட்டமிட்டு, அழைப்பிதழ் அச்சிட்டு, விளக்கேற்றப் பெரியவர் ஒருவரை வேண்டி, ஒரு வாரம் காத்திருந்தால், விற்ற படத்தின் அருகே ஒட்டும் சிவப்புப் பொட்டு இரண்டோ மூன்றோ விழும். வருபவர்கள் பெரும்பாலும் சக ஓவியர்கள். ஒருமுறை தொடக்க விழா மாலையில், விருந்தினர் ஒருவரின் காரோட்டி வாசலிலேயே நிற்பதைக் கண்ட ஓவியர், "உள்ள வாங்கண்ணே" என்று அழைத்தார். அவர், "செருப்பைக் கழட்டணுமா சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் இருந்த பக்தியும் தூரமும் இன்னும் என் நெஞ்சில் உறுத்துகின்றன. உள்ளே வந்தவர், பழைய பல்லவன் பேருந்துச் சீட்டுகளை வரிசையாக ஒட்டியிருந்த ஒரு படத்தின் முன் மட்டும் வெகுநேரம் நின்றிருந்து, ஒன்றும் சொல்லாமல் வெளியேறினார். அந்த அறையில் அன்று அந்தப் படத்தை உண்மையில் வாசித்தவர் அவர் ஒருவர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் நான் பார்த்த காட்சி பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. வாங்குகளைச் சுவரோரம் தள்ளி, கொடிக்கயிறு கட்டி, படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பொட்டு ஒட்டும் வழக்கமே அங்கில்லை, வாங்குவார் இல்லை. ஓவியர் பகலில் ஒரு கடையில் கணக்கெழுதும் இளைஞர். பலகையொன்றில் மண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசி, நடுவே ஒரு முழ நீளக் கிடுகை ஒட்டி, அதன் இடுக்குகளில் பங்கீட்டு அட்டைத் துண்டுகளைச் செருகியிருந்தார். விழுந்த வேலி என்பது அவர் கருத்து. கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப்பார்த்த ஆச்சி ஒருவர் நேரே அப்படத்திடம் போய், தொடலாமா என்று எவரையும் கேட்காமல், கிடுகின் ஓரத்தைப் பெருவிரலால் நெருடிப் பார்த்தார்.

"ஆர் தம்பி இதைப் பின்னினது?"

"நான்தான் ஆச்சி."

"ஓலையை ஊறப்போடேல்லை. பார், நெட்டு வெடிச்சிருக்கு. இது வேலிக்கு நிக்காது மோனை."

விழுந்த வேலிதானே என்று ஓவியர் மறுமொழி சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. ஆச்சி அங்கேயே வாங்கொன்றில் அமர்ந்து, ஓலையை எத்தனை நாள் தண்ணீரில் போடவேண்டும், மேலே கல் ஏற்றாவிட்டால் அது எப்படி மிதந்து பாதி காய்ந்துபோகும், தாம் விட்டுவந்த வளவின் மேற்கு வேலியை யார் யார் சேர்ந்து அடைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போனார். சுற்றி ஏழெட்டுப் பேர் கூடிவிட்டனர். அவர்களுள் ஒருவரும் அதற்குமுன் ஓவியக் காட்சி பார்த்தவரல்லர்.

சென்னைக்கு இல்லாதது இந்த ஆச்சி; யாழ்ப்பாணத்துக்கு இல்லாதது அந்தப் பத்து ஏக்கர். இங்கே கூடமும் விலையும் உண்டு, பொருளை அறிந்த கண் வாசலில் செருப்போடு தயங்குகிறது. அங்கே அந்தக் கண் தானே தேடி வருகிறது, ஆனால் ஓவியன் மறுநாள் காலை கடைக் கணக்குக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. பாத்திக் விற்று நிலம் வாங்கிய யுக்தியை வடக்கின் இளைஞர்கள் தமக்கேற்றபடி, பனையோலையிலோ துணியிலோ, முயன்று பார்க்கவேண்டும் என்று அன்று அந்த ஓவியரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் மனம் வேறிடத்தில் இருந்தது. மண்டபம் மூடியதும் பலகையிலிருந்து கிடுகைப் பெயர்த்தெடுத்தார். பசை இறுகியிருந்த இடங்களில் சாம்பற் பூச்சும் கூடவே பெயர்ந்தது. அடுத்த காட்சிக்கு இரண்டு கிழமை இருந்தது. மறுநாள் காலை நான் விடைபெறச் சென்றபோது, அவர் வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் தென்னோலைகள் அமிழ்ந்துகிடந்தன. மேலே இரண்டு கல் ஏற்றியிருந்தார்.