ஓட்டத்தை நிறுத்தும் துணிவு
இதய அறுவையின்போது குழாய் செருகிய இடத்தில் பெருந்தமனியின் உட்சுவர் கிழிந்து, ரத்தம் சுவரடுக்குகளுக்கிடையே புகுவது அரிது. நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது கைவேகத்தைவிட, ஓட்டத்தையே நிறுத்தத் துணிவதுதான் பெரிய கலை என்பேன். இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாயைத் தொடை அல்லது அக்குள் தமனிக்கு மாற்றி, உடலை ஏறக்குறைய 20 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்வித்து, ரத்தவோட்டத்தை நிறுத்துகிறார்கள். இப்படிக் குளிர்வித்து ஓட்டத்தை நிறுத்துவது, பெருந்தமனி வளைவு அறுவைக்கு 1975இல் அறுவை மருத்துவர் ராண்டல் கிரீப்பின் குழு காட்டிய வழி. குளிர்ச்சி, ரத்தம் உறைவதைக் கெடுக்குமே, தமனியைக் கவ்வும் கிளாம்ப் போட்டுக் கிழிசலை மட்டும் தைக்கலாகாதா என்பது நியாயமான கேள்வி. சிறு கிழிசலுக்கு அது போதலாம். பிளவு பரவியிருந்தாலோ கிளாம்பே நைந்த சுவரை நசுக்கும். அதனடியில் இருக்கும் கிழிசல் கண்ணுக்குத் தப்பும். ஓட்டம் நின்றால்தான் உள்ளே பார்த்து, கெட்ட பகுதியை வெட்டி, டாக்ரான் என்னும் செயற்கை இழையாலான குழாயைத் தைக்க முடியும். அவகாசம் அரைமணி அளவே; மூளைக்குத் தனியே ரத்தம் செலுத்தினால் சற்று நீளும்.