சமச்சீரும் உழைப்பும்: ஆரம்ப வகுப்புக் கேத்திரகணிதம் பற்றிய ஒரு நோக்கு

வடிவம் எங்கிருந்து பிறக்கின்றது என்பது இலக்கியத் திறனாய்வில் நெடுங்காலமாக வாதிக்கப்பட்டுவரும் வினாவாகும். அவ்வினா இலக்கியத்துக்கு மட்டும் உரியதன்று. ஆரம்ப வகுப்பிலே சமச்சீர் என்னும் கருத்தைச் சிறுவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரும், அறிந்தோ அறியாமலோ, அதற்கு ஒரு விடையைக் கூறிவிடுகின்றார். வழக்கமான பாடம் நாம் அறிந்ததே: தாளின் ஒரு பாதியில் மையிட்டு மடித்துப் பார்த்தல், வண்ணத்துப்பூச்சியின் நடுவே புள்ளிக்கோடு வரைதல், கண்ணாடியை நிறுத்தி மறுபாதியைக் காணுதல். இவை பயனற்றவை என நாம் கூறவில்லை. ஆயின் இவற்றிலே சமச்சீர் ஏலவே முடிந்த முடிபாக நிற்கின்றது. சிறுவரின் பணி அதனை இனங்காண்பது மட்டுமே. அவ்வடிவம் யாருக்கு, எதன்பொருட்டுத் தேவைப்பட்டது என்ற வினா பாடத்துக்குள் நுழைவதில்லை. இவ்விடயத்தில் மாறுபட்ட இரு சிந்தனைகளை ஒப்புநோக்குதல் பயனுடைத்தாகும்.

முதலாவது, ஜேர்மனியரான பிரெட்றிக் புரோபலுடையது (1782–1852). 1837இல் பாலர்க்கான நிலையமொன்றைத் தொடங்கி, 1840இல் அதற்குச் 'சிறுவர் பூங்கா' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டிய அவர், முன்னர் பேர்லினிலே வைஸ் என்னும் கனிப்பொருளியல் அறிஞரின் கீழ்ப் பளிங்குகளை ஆராய்ந்தவர். பளிங்கின் ஒழுங்கிலே பிரபஞ்சத்தின் இறையொருமையைக் கண்ட அவர், அவ்வொழுங்கையே விளையாட்டுப் பொருள்களாக்கினார். எட்டுச் சிறு சதுரமுகிகளாகப் பிரியும் மரக்கட்டை அவற்றுள் ஒன்று. அதனைக்கொண்டு சிறுவர் மூவகை வடிவங்களை ஆக்கலாம்: நாற்காலி போன்ற வாழ்க்கை வடிவங்கள்; எண்ணையும் பின்னத்தையும் உணர்த்தும் அறிவு வடிவங்கள்; நடுவைச் சூழ்ந்து விரியும் அழகு வடிவங்கள். அழகு வடிவத்துக்கு ஒரு விதி உண்டு: ஒரு பக்கத்துக் கட்டையை நகர்த்தினால், எதிர்ப்பக்கத்துக் கட்டையையும் அவ்வாறே நகர்த்தல் வேண்டும்.

சமச்சீரைப் பார்க்கும் பொருளாகவன்றிச் செய்யும் செயலாக ஆக்கியமை புரோபலின் சாதனையாகும். 1851இல் பிரஷ்ய அரசு, நாத்திகத்தையும் சமவுடைமையையும் பரப்புவன எனக் கருதி இந்நிலையங்களைத் தடைசெய்தது. தடை 1860 வரை நீடித்தது. இறையொருமையை நாடியவர் நாத்திகரெனத் தண்டிக்கப்பட்டமை வரலாற்றின் முரண்நகையே. எனினும், அவரது கருத்துமுதல்வாதம் ஓர் எல்லையை வகுத்துவிட்டது. வாழ்க்கை வடிவம் ஒருபுறமும் அழகு வடிவம் மறுபுறமுமாகப் பிரிந்தன. நாற்காலியின் கால்கள் ஒத்த நீளமுடையனவாய் இருக்கவேண்டிய தேவைக்கும் அழகு வடிவத்தின் ஒழுங்குக்கும் உள்ள உறவு மறைந்தது.

இரண்டாவது, நெதர்லாந்திற் பிறந்து மொசாம்பிக்கைத் தம் நாடாக வரித்துக்கொண்ட பவுலுஸ் கேர்டெஸ் (1952–2014) என்பாருடையது. 1975இல் மொசாம்பிக் போர்த்துக்கேயரிடமிருந்து விடுதலை பெற்றபோது மக்களுட் பெரும்பாலானோர் எழுத்தறிவு மறுக்கப்பட்டவர்கள். கணிதம் ஐரோப்பியர் கொணர்ந்த அறிவு என்னும் எண்ணத்தைக் குடியேற்றவாதம் விதைத்திருந்தது. மார்க்சின் கணிதக் கையெழுத்துப்படிகள் பற்றி நூலெழுதியவரான கேர்டெஸ், மக்களின் கைவினையிலே உறைந்து கிடக்கும் கணிதச் சிந்தனையை உருகச் செய்வதைத் தம் பணியாகக் கொண்டார்.

வீட்டுத்தளம் குறிக்கும் மொசாம்பிக் குடியானவர், சம நீளமான இரு கயிறுகளை அவற்றின் நடுப்புள்ளிகளில் ஒன்றாக முடிகின்றனர். வீட்டின் அகலத்துக்கேற்ற மூங்கிலொன்றை நிலத்திலிட்டு, அதன் இரு முனைகளிலும் கயிற்றுக்கு ஒன்றாக இரு நுனிகளைக் கட்டி, எஞ்சிய நுனிகளை விறைப்பாக இழுக்கின்றனர். அவை நிற்கும் இடங்களே மற்றை இரு மூலைகள். கோணமானி இன்றியே செவ்வகம் பிறந்துவிடுகின்றது. நடுமுடிச்சு அதன் சமச்சீர் மையமாகின்றது. இவ்வாறே, இன்யம்பானே மாகாணத்தில் முடையப்படும் சிப்பாத்சி என்னும் கைப்பைகளிலே, பட்டைக் கோலங்களுக்குக் கணிதம் வகுக்கும் ஏழு சமச்சீர் வகைகளும் உள்ளமையை அவர் எடுத்துக்காட்டினார். பொருளின் தன்மையும் உழைப்பின் தேவையும் மோதுமிடத்தே சமச்சீர் தோன்றியது; அழகுணர்ச்சி அதன்வழி வளர்ந்தது என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை எமக்கு உடன்பாடே. ஆயினும், இதனைப் பாடமாக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. 'உன் தாய் முடையும் பெட்டியும் கணிதமே' எனப் புகழ்ந்துவிட்டு அவ்விடத்திலேயே நின்றுவிடின், உழைப்பாளியின் பிள்ளைக்குப் பழம்பெருமையும் வசதிபடைத்தோர் பிள்ளைக்கு அட்சரகணிதமும் என்ற பங்கீடே எஞ்சும். கைவினையைப் போற்றுதல் வேறு. அதிலிருந்து பொதுக்கருத்துக்கு ஏறுதல் வேறு. பருப்பொருளிலிருந்து நுண்கருத்துக்கும், நுண்கருத்திலிருந்து மீண்டும் வாழ்க்கைக்கும் செல்லும் இயக்கமே கல்வியாகும்.

இதனை எமது சூழலிற் பொருத்திப் பார்ப்போம். அங்கோலாவின் மணற்கோலங்களை ஆராய்ந்த கேர்டெஸ், தமிழர் கோலங்களையும் அவற்றோடு ஒப்புநோக்கியவர். கோலம் போலவே பன்னவேலையும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பாகும். பனையோலைச் சுளகொன்றை வகுப்புக்குக் கொணர்ந்து, அதனை எங்கே மடித்தாற் பாதிகள் பொருந்தும் என ஆசிரியர் வினவலாம். இடமும் வலமும் பொருந்தும். முன்னும் பின்னும் பொருந்தா. ஏன்? இரு கைகளும் ஒத்துப் பிடித்துப் புடைப்பதால் இடமும் வலமும் ஒத்தல் வேண்டும். பதர் முன்னே பறக்கவும் மணி பின்னே தங்கவும் வேண்டியிருப்பதால், முன்புறம் திறந்தும் பின்புறம் விளிம்புயர்ந்தும் இருத்தல் வேண்டும். சமச்சீர் அச்சு ஒன்றே என்பதைச் சிறுவர் இவ்வாறு காரணத்தோடு காண்பர். அதன் பின்னர் அக்கருத்தைத் தாளிலும் எழுத்துருவிலும் தனி வடிவங்களிலும் தேடச் செய்தல் வேண்டும். சுழற்சிச் சமச்சீர் வரை அழைத்துச் செல்லவும் வேண்டும்.

வண்ணத்துப்பூச்சியைப் பாடத்திலிருந்து அகற்றவேண்டியதில்லை. ஆனால் அதன் அருகே சுளகும் இடம்பெறல் வேண்டும். வடிவங்களுக்குக் காரணம் உண்டு, அவற்றை ஆக்கிய கைகள் உண்டு, தேவை மாறின் வடிவமும் மாறும் என்பதை ஏழு வயதிலே உணரும் பிள்ளை, பின்னாளிற் சமூகத்தின் வடிவங்களையும் அவ்வாறே வினவக் கற்றுக்கொள்ளும். பாடநூல் ஆக்குவோர் இத்திசையிலே சிந்தித்தல் அவசியமாகும்.