டிக்கெட் இருக்கு, அப்புறம்?

'சூரரைப் போற்று' (2020) பார்த்திருப்பீர்கள். சோழவந்தானில் அப்பா சாகக் கிடக்க, டிக்கெட்டுக்குப் பணம் போதாமல் சூர்யா விமான நிலையத்தில் சக பயணிகளிடம் கையேந்துவார். படத்தின் மிகச் சிறந்த காட்சி. சாமானியனுக்கும் வானத்துக்கும் நடுவே நிற்பது பணம் என்கிறார் சுதா கொங்கரா. சரிதான். ஆனால் பாதி சரி.

இந்தக் கதைக்கு மூலமான கேப்டன் கோபிநாத், 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கி, ஒரு ரூபாய்க்குக்கூட டிக்கெட் விற்றவர். அந்த டிக்கெட்டை மீஞ்சூர் பக்கம் வள்ளூர் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு மதுரைக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள்.

சென்னை - மதுரை விமான நிலையங்களுக்கு நடுவே வான்வழியில் சுமார் 415 கிலோமீட்டர். ஒன்றேகால் மணி நேரம், அவ்வளவுதான். வள்ளூரிலிருந்து மீனம்பாக்கம் நாற்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அத்திப்பட்டு புதுநகரில் மின்சார ரயில் பிடித்து, விம்கோ நகரில் இறங்கி, மெட்ரோ மாறி (2021-க்கு முன் அந்த மெட்ரோவும் இல்லை)... கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் போச்சு. விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாடியே வேறு போய் நிற்கணும். போன் நடுராத்திரியில் வந்தால் ரயிலும் கிடையாது, மெட்ரோவும் கிடையாது. கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஆட்டோவில் ஊர்ந்து போக வேண்டியதுதான்.

இந்த மூன்று மணி நேரம் எந்த விமான அட்டவணையிலும் வராது. படத்திலும் வரவில்லை. அடுத்து யாராவது விமானப் படம் எடுத்தால், முதல் காட்சியை அத்திப்பட்டு பிளாட்பாரத்தில் வைக்கட்டும். அப்பாவைக் கடைசியாகப் பார்க்க முடியுமா, முடியாதா என்பது அங்கேயே முடிவாகிவிடும்.