சக்கரம் வைத்த ஈஸி சேர்

அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 'எல்லாம் சௌகரியம்தான்... பொழுதுதான் போகலை' என்பார்கள். கார் ஓட்ட லைசென்ஸ் கிடையாது. காலையில் ஒரு வாக்கிங், அவ்வளவுதான். அதிலும் அப்பா முன்னால், அம்மா முப்பதடி பின்னால்!

அடுத்த முறை கிளம்புகிறவர்களுக்கு ஒரு சிபாரிசு: ரிகம்பென்ட் ட்ரைக். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள். ஈஸி சேருக்கு மூன்று சக்கரம் வைத்த மாதிரி ஒரு சைக்கிள். பெரும்பாலும் முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்ந்து உட்கார்ந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். பேலன்ஸ் என்ற பேச்சே இல்லை. சின்ன வயதில் சைக்கிள் கற்றுக்கொள்ளாத (அல்லது கற்றுக்கொள்ள விடாத!) அம்மாக்கள்கூட முதல் நாளே ஓட்டிவிடலாம்.

சோம்பேறி வண்டி என்று நினைக்கிறீர்களா? பிரான்ஸில் சார்லஸ் மோஷே என்பவர், இரண்டு பேர் அருகருகே உட்கார்ந்து மிதிக்கிற நாலு சக்கர 'வெலோகார்' செய்தார். பிறகு அதே சாய்ந்த சீட்டோடு இரண்டு சக்கர வண்டி. 1933-ல் அதில் ஏறிய பிரான்சுவா ஃபோர், ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் போய், 1914-லிருந்து அசையாமல் இருந்த சாதனையை முறியடித்தார். சர்வதேச சைக்கிள் சங்கம் பாராட்டியதா? அடுத்த வருஷமே இந்த ரக வண்டிகளைப் பந்தயத்திலிருந்து தள்ளி வைத்துவிட்டது!

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வண்டியே பதினைந்து, இருபது கிலோ. மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது. கியரைக் குறைத்து மெதுவாகத்தான் ஏற வேண்டும். தாழ்வாக உட்காருவதால் கார்க்காரர் கண்ணில் படமாட்டீர்கள். பின்னால் உயரமாக ஒரு கொடி அவசியம். கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி அதன் மேலேயே ஏறி எலும்பு முறியலாம். பாதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஸ்டிராப் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு மிதிப்பது சுலபம், சீட்டிலிருந்து எழுந்திருப்பதுதான் பாடு. கொஞ்சம் உயரமான சீட்டாகப் பாருங்கள்.

மெயின் ரோடு வேண்டவே வேண்டாம். பழைய ரயில் பாதைகளை அங்கே சைக்கிள் பாதையாக்கியிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் வாஷிங்டன் அண்ட் ஓல்டு டொமினியன் பாதை சுமார் 72 கிலோமீட்டர், தார் போட்டது. ரயில் ஏறிய வழி என்பதால் செங்குத்தான மேடு குறைவு.

இனி பி.காம். கணக்கு. புது வண்டி ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல். மூவாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. ஆறு மாத விசிட்டுக்கு அது முதலீடு அல்ல, முழுகிய பணம். துணி காயப்போடும் ட்ரெட்மில் நம் வீடுகளில் போதுமான அளவு இருக்கிறது. வாடகைக்கு எடுங்கள்.

இருவரும் சேர்ந்து மிதிக்கும் டாண்டம் ட்ரைக்கும் இருக்கிறது. 'ஜோடியாகப் போகலாமே' என்று ஆசை காட்டுவார்கள். என் ஓட்டு அதற்கு இல்லை. அதில் ஸ்டியரிங் ஒன்றுதான். அது யார் கைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும்!

முப்பது வருஷம் ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர் அம்மா. அவருக்கென்று தனியாக ஒரு வண்டி எடுத்துக் கொடுங்கள். அப்பா முப்பதடி பின்னால் வரட்டும்.