மலைமுகடும் நிழலும் சாட்சிகளாக

எவரும் காணக் கிடக்கும் படங்களையும் பதிவுகளையும் ஒப்பிட்டு உண்மை காணும் முறையைத் திறந்த மூலப் புலனாய்வு என்பர். இதழியலில் இம்முறையின் வலிமைக்கும் எல்லைக்கும் ஒருசேரச் சான்றாக நிற்பது, பிபிசியின் ‘ஆப்பிரிக்கா ஐ’ பிரிவு 2018 செப்டம்பரில் வெளியிட்ட ‘அனாட்டமி ஆஃப் எ கில்லிங்’ என்னும் ஆவணப்படம்.

அவ்வாண்டு ஜூலையில் ஒரு காணொளி பரவிற்று. அதில் படைவீரர்கள் இரு பெண்களையும் இரு குழந்தைகளையும் நடத்திச் சென்று சுட்டுக் கொல்கின்றனர். கேமரூன் அரசு முதலில் அதனைப் பொய்ச்செய்தி என மறுத்தது. ஆய்வாளர்களோ பின்புலத்தில் தெரியும் மலைமுகட்டின் வடிவைச் செயற்கைக்கோள் படங்களோடு பொருத்தி, நைஜீரிய எல்லையை அடுத்த ஜெலெவெட் ஊரருகே அவ்விடத்தைக் கண்டறிந்தனர். அங்கு எழுந்தும் இடிந்தும் போன கட்டடங்கள் காலத்தைச் சுருக்கின. வீரர்களின் நிழலை அளந்தபோது, 2015 மார்ச் 20க்கும் ஏப்ரல் 5க்கும் இடைப்பட்ட நாட்கள் தெளிவாயின. சீருடை அப்பகுதிப் படையினர் அணிவதன்று என்ற வாதத்தை வீரர்களின் முகநூல் படங்களே தகர்த்தன.

இதனைக் காண்கையில் இப்னு கல்தூன் நினைவுக்கு வருகிறார். நபி மூஸா (அலை) அவர்களின் படையில் ஆறு லட்சத்திற்கு மேற்பட்டோர் இருந்தனர் என்னும் வரலாற்றுக் குறிப்பை, எகிப்தும் ஷாமும் அத்துணை வீரர்களைத் தாங்குமா எனக் கேட்டு அவர் ஐயுற்றார். மார்க்கச் சட்டம் சார்ந்த அறிவிப்புகளைப் போலன்றி, வரலாற்று நிகழ்ச்சிகளில் அறிவித்தவரின் நம்பகத்தை ஆராயுமுன் அது நிகழக்கூடியதா என ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. நிலத்தையே சாட்சியாக அழைக்கும் இம்மரபு நமக்குப் புதிதன்று.

ஆயினும் அறிவிப்பாளர் இங்கும் தேவைப்பட்டார். ஜெலெவெட் அருகே தேடுமாறு கேமரூனியர் ஒருவர் துப்புக் கொடுத்த பின்னரே அம்மலைமுகடு அகப்பட்டது. இதனைப் படம் மறைக்கவில்லை; அந்நேர்மை பாராட்டத்தக்கது. கணினியே யாவும் கண்டுவிடும் என்போர் இவ்விடத்தைக் கருதிப் பார்த்தல் நலம்.

குறையும் உண்டு. கொன்றவர்களை நாம் பெயரோடு அறிகிறோம். கொல்லப்பட்டோரின் வாழ்வைப் பற்றி ஏறக்குறைய ஏதும் அறிவதில்லை. மேலும், கொலைக்கூட்டத்தில் ஒருவரே படமெடுத்ததால்தான் இவ்வழக்கு ஆய்வுக்கு வந்தது. படமெடுக்கப்படாத கொலைகளுக்கு இம்முறை என்ன செய்யும் என்ற வினாவைப் படம் எழுப்பியிருக்கலாம்.

2020 செப்டம்பரில் இராணுவ நீதிமன்றம் நால்வருக்குப் பத்தாண்டும் ஒருவருக்கு ஈராண்டும் சிறை விதித்தது. ‘பொய்’ என ஓர் அரசு தள்ளிய செய்தி தீர்ப்பு வரை சென்றது இதழியலுக்குப் பெருமை. ஆனால் காணொளி இல்லாத ஊர்களுக்குச் செய்தியாளர் நேரில் சென்று, மக்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும்.