சிறுவர் சித்திரக்கதைகள்: ஒரு தந்தையின் வாசிப்பு

சிறுவர் நூல்களைப் பற்றி நம்மிடையே பேசுவோர் பெரும்பாலும் இரு சாரார். பிள்ளைகள் வாசிப்பதே இல்லை என்று புலம்புவோர் ஒரு சாரார். வாசிக்கும் பிள்ளையின் கையிலிருப்பது சித்திரக்கதை எனக் கண்டதும் அதனைப் பறித்து வைத்துவிட்டு அறநெறி நூலொன்றைத் திணிப்போர் மறு சாரார். இவ்விரண்டாம் சாராரின் அணியில் மதபோதகரும் பழமைவாதிகளும் மட்டுமன்றி இடதுசாரிகளும் முன்னணியில் நின்றிருக்கின்றனர் என்பது இன்று பலர் மறந்துவிட்ட வரலாறு.

சித்திரக்கதைகளுக்கு எதிராக 1954ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெருங் கிளர்ச்சியை மூட்டிய நூலை எழுதியவர் பிரெட்ரிக் வேர்த்தம் என்னும் உளமருத்துவர். அவரைப் பிற்போக்காளர் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்களுக்காக 1946இல் அவர் நிறுவிய மருத்துவ நிலையம் மார்க்ஸின் மருமகனான போல் லஃபார்க்கின் பெயரைத் தாங்கியிருந்தது. பாடசாலைகளில் நிலவிய நிறப் பிரிவினைக்கு எதிராகவும் அவர் நீதிமன்றத்திலே சாட்சியமளித்தார். அத்தகைய ஒருவரே படக்கதைகள் பிள்ளைகளைக் குற்றவாளிகளாக்குகின்றன என்று முழங்கினார். பிரித்தானியாவில் அமெரிக்கச் சித்திரக்கதைகளுக்கு எதிராக எழுந்த இயக்கத்தில் கம்யூனிஸ்டுகள் முக்கிய பங்கேற்றனர். 1955இல் அங்கு தடைச் சட்டமும் பிறந்தது. வேர்த்தம் தம் நூலில் பிள்ளைகளின் வாக்குமூலங்களைத் திரித்தும் வெட்டியும் ஒட்டியும் பயன்படுத்தியிருந்தார் என்பதை, பின்னாளில் திறக்கப்பட்ட அவரது ஆவணங்களைக் கொண்டு கரோல் டில்லி என்னும் ஆய்வாளர் 2012இல் எடுத்துக்காட்டினார். நோக்கம் நல்லதாயிருப்பின் சான்று எப்படியிருந்தாலும் தகும் என்ற மனப்பான்மை எந்த அணியிலிருந்து வந்தாலும் விமர்சனத்துக்கு உதவாது.

இதனை முதலில் சொல்ல நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கடந்த சில மாதங்களாக என் பத்து வயது மகள் நூலகத்திலிருந்து கொண்டுவரும் நூல்களை நானும் உடனிருந்து வாசித்து வருகிறேன். தமிழாசிரியன் என்ற முறையில் மாணவர் வாசிப்புப் பற்றி வகுப்பறையில் கூறக்கூடியது ஒன்று; தன் பிள்ளை மடியில் வைத்து வாசிக்கும் நூலைப் பற்றித் தந்தை உணர்வது வேறொன்று. இரண்டையும் ஒருசேர வைத்து நோக்கவே விரும்புகிறேன்.

முதலில் வந்தவை, யாரோ ஒருவர் நூலகத்துக்கு அன்பளிப்புச் செய்த பழைய படக்கதைகள். தமிழில் வேதாளர் என்றும் மாயாவி என்றும் பெயர் பெற்ற முகமூடி வீரனின் சாகசங்களே அவற்றுட் பெரும்பாலானவை. லீ போக் என்னும் அமெரிக்கர் 1936இல் படைத்த பாத்திரம் இது. கப்பற் கொள்ளையரிடம் தந்தையைப் பறிகொடுத்த வெள்ளையன் ஒருவன் 1536இல் கரையொதுங்குகிறான். தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின்மீது சபதஞ் செய்கிறான். அவன் பின் மகன், பேரன் என இருபத்தொரு தலைமுறை ஒரே முகமூடியை அணிந்து காட்டினை ஆள்கிறது. ஆளும் மனிதன் மாறுகிறான் என்பதைக் குள்ள இனத்தவரான பந்தார்கள் மட்டுமே அறிவர். ஏனைய காட்டு மக்களோ அவன் சாவற்றவன் என்று நம்புகின்றனர். நானூறு ஆண்டுகளாக மக்களிடம் சொல்லப்பட்டுவரும் ஒரு பொய்யே இந்த ஆட்சியின் அத்திவாரம் என்பதைக் கதை மறைக்கவுமில்லை, அதற்காக வெட்கப்படவுமில்லை.

இக்கதையின் களம் தொடக்கத்தில் ஆசியாவைப் போன்ற ஏதோ ஒரு நிலமாக இருந்து, காலப்போக்கில் ஆபிரிக்காவாக மாறிற்று. ஆளப்படுவோர் யார் என்பது ஆசிரியருக்குப் பொருட்டன்று. ஆள்பவன் யார் என்பதே பொருட்டு. 1964 முதல் பம்பாயிலிருந்து வெளிவந்த இந்திரஜால் கொமிக்ஸ் இக்கதைகளை இந்திய வாசகர்க்கு வழங்கியபோது பெயர்களிற் சில மாற்றங்களைச் செய்தது. வங்காளத்தை நினைவூட்டிய நாட்டின் பெயர் டெங்காலி ஆயிற்று. சிங் என்ற கொள்ளையர் கூட்டம் சிங்கா ஆயிற்று. எவர் மனமும் புண்படலாகாது என்ற அக்கறை! ஆயின் மண்டையோட்டுச் சிம்மாசனமும் அதன் முன் மண்டியிடும் மக்களும் இருந்தபடியே இருந்தன. பெயர்ப்பலகையை மாற்றி உள்ளடக்கத்தைக் காக்கும் இவ்வித்தை படக்கதைகளுக்கு மட்டும் உரியதன்று.

நியாயமாகச் சொல்வதாயின், ஆபிரிக்க நாடுகள் விடுதலை பெற்றுவந்த 1960களில் லீ போக்கும் காலத்தோடு சற்று அசைந்து கொடுத்தார். லமண்டா லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் தேர்தலில் வென்று அந்நாட்டின் சனாதிபதியாகிறார். அறிவும் நேர்மையும் மிக்கவராகவே அவர் தீட்டப்பட்டுள்ளார். ஆனால் அந்நாட்டின் காட்டுக் காவற்படைக்கு ஆணையிடும் தளபதி யார்? முகமூடி வீரனே. அவனது முகத்தைப் படையினர் கண்டதில்லை. ஆணைகள் ஓர் இரும்புப் பெட்டகத்தினுள்ளே தோன்றும். மக்கள் தேர்ந்த தலைவர் மாளிகையில் இருக்க, ஆயுதம் தாங்கிய படை கண்ணுக்குத் தெரியாத ஒருவனின் சொற்படி நடக்கிறது! நவகாலனித்துவத்தை விளக்க வகுப்பறையில் நான் தேடிக்கொண்டிருந்த உதாரணத்தை இத்துணைத் தெளிவாக வேறெங்கும் கண்டிலேன்.

இவை யாவும் என் மகளின் கண்ணிற் படவில்லை என்பதையும் கூறவேண்டும். அவளுக்கு வேண்டியவை வெள்ளைக் குதிரையும் ஓநாயும், எதிரியின் தாடையில் அடையாளம் பதிக்கும் மோதிரமுமே. இவற்றைக் கண்டு அவள் அடைந்த மகிழ்ச்சி போலியன்று. பிள்ளையின் ரசனையை நச்சுணவு என்று வைதுவிட்டு விமர்சகன் தப்பித்துக்கொள்ளல் ஆகாது. ஒரு மாலை நான் மெதுவாக, "அந்தக் காட்டுச் சனத்துக்குள்ள ஒரு வீரனும் இல்லையோ பிள்ளை?" என்று கேட்டேன். அவள் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருக்கினம் அப்பா, ஆனா அவையளுக்குப் பேரில்லை" என்றாள். அதன் பின்னரும் அடுத்த இதழை ஆவலோடுதான் எடுத்தாள். எடுக்கட்டும்.

அம்புலிமாமாவின் பழைய கட்டுகளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. 1947 யூலையில் தொடங்கிய அவ்விதழின் உலகம் அரசரும் வணிகரும் முனிவரும் நிறைந்த நிலப்பிரபுத்துவ உலகமே. எனினும் சங்கரின் தூரிகையில் உயிர்பெற்ற விக்கிரமாதித்தன்–வேதாளக் கதைகளில் ஒரு சிறப்புண்டு. கதையின் ஈற்றில் வேதாளம் கேள்வியொன்றைக் கேட்கிறது. அரசனின் விடையைப் படிக்கும் முன்னரே என் மகள் நூலை மூடிவிட்டுத் தன் விடையைச் சொல்வாள். பல வேளைகளில் அது அரசனின் விடையிலும் நியாயமாக இருக்கும். உள்ளடக்கம் பழமையாயினும் வடிவம் வாசகரைத் தீர்ப்பாளராக்குகிறது.

இனி, என்னை மிகவும் கலங்கச் செய்த நூலுக்கு வருகிறேன். கெய்ஜி நகசாவா என்னும் யப்பானிய ஓவியர் 1973 முதல் வரைந்த, பத்துத் தொகுதிகளைக் கொண்ட 'வெறுங்கால் கென்' அது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் முதற் தொகுதியை எனக்கென்றே எடுத்து வந்தேன். மகள் அதனை விட்டுவைக்கவில்லை. படங்களைப் பார்ப்பதும் என்னிடம் பொருள் கேட்பதுமாக மூன்று இரவுகளில் முடித்தாள்.

1945 ஓகஸ்ட் 6ஆந் திகதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபோது நகசாவாவுக்கு ஆறு வயது. பாடசாலை மதிலின் மறைவு அவரைக் காத்தது. தந்தை, தமக்கை, தம்பி ஆகியோர் இடிந்த வீட்டினுள் சிக்கி மாண்டனர். தாய் அன்றே ஒரு பெண்மகவை ஈன்றாள். அதுவும் சில மாதங்களில் இறந்தது. இவ்வுண்மை வரலாற்றின் மீதே கென் என்ற சிறுவனின் கதை எழுந்துள்ளது. ஆயின் நூலின் பெரும்பகுதி குண்டைப் பற்றியதன்று. குண்டுக்கு முன்னிருந்த பசியைப் பற்றியது. மரச் செருப்புகளுக்கு வண்ணந் தீட்டிப் பிழைக்கும் தந்தை யுத்தத்தை வெளிப்படையாக எதிர்க்கிறார், சிறையில் வதைபடுகிறார். அயலவர் அக்குடும்பத்தைத் துரோகிகள் என்று தூற்றுகின்றனர். அப்பழியைத் துடைக்கவென்றே மூத்த மகன் கடற்படையிற் சேர்கிறான். அவர்களோடு நேசமாயிருப்பவர், யப்பானியரால் இழிவுபடுத்தப்படும் கொரிய இனத்தவரொருவரே. அணுகுண்டை வீசிய அமெரிக்காவையும் மக்களைப் பலியாக்கிய சொந்த நாட்டுப் பேரரசனையும் படைத்தலைவர்களையும் ஒரே மூச்சில் குற்றஞ்சாட்டும் துணிவு நகசாவாவுக்கு இருந்தது. தன்னினத்தின் துயரைப் பாடுவோர் பலர். தன்னினத்தின் குற்றத்தையும் உடன் பாடுவோர் சிலரே.

கலைநோக்கில் குறைகளும் உள்ளன. பாத்திரங்கள் ஓயாது கத்துகின்றன, ஒருவரையொருவர் அறைகின்றன. துயரத்துக்கும் கேலிக்கூத்துக்கும் இடையே மூச்சுவிட இடமில்லை. தந்தை பிள்ளைகளை அடிக்குங் காட்சிகளை நகைச்சுவையாகத் தீட்டியிருப்பது எனக்கு உவப்பாயில்லை.

நோயுற்று நலிந்த கர்ப்பிணித் தாய்க்கு உணவு வேண்டிச் சிறுவர் இருவர் செல்வந்தரொருவரின் குளத்தில் மீன் திருடும் கட்டம் ஒன்றுண்டு. அதனைப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள்: "பசிச்சா களவெடுக்கலாமோ அப்பா?" நான் விடையை நெஞ்சில் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கையில் அருகிலிருந்த என் தாயார் முந்திக்கொண்டார். 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்ட சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குச் சென்றபோது, யாரோ ஒருவரின் வளவில் விழுந்துகிடந்த தேங்காயை எடுத்துக் கஞ்சி காய்ச்சி எனக்குத் தந்த கதையைச் சொன்னார். "ஆற்றை தேங்காய் எண்டு இண்டைக்கும் தெரியாது" என்றார். எனக்கு அப்போது ஐந்து வயது. முப்பது ஆண்டுகளாக இக்கதையை அவர் என்னிடம் கூறியதில்லை.

இந்த மீன் திருட்டுக் கட்டந்தான் ஹிரோஷிமா நகரின் கல்வியதிகாரிகளுக்கும் இடராயிற்று. அந்நகரின் பாடசாலைகளில் சமாதானக் கல்விக்கு வழங்கிய பாடநூலிலிருந்து கென்னின் பகுதிகள் 2023இல் நீக்கப்பட்டன. இக்காட்சி மாணவரிடையே தவறான விளக்கத்தை உண்டாக்கலாம் என்பது கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அதற்கு முன்னர், 2012இல், மட்சுவே நகரின் கல்விச் சபை இந்நூலைப் பாடசாலை நூலகங்களின் திறந்த தட்டுகளிலிருந்து அகற்றச் செய்தது; எதிர்ப்பு வலுத்தபின் 2013 ஓகஸ்டில் அத்தடை நீங்கிற்று. அங்கே அதிகாரிகளை உறுத்தியவை யப்பானியப் படையின் கொடுமைகளைக் காட்டும் படங்கள். பிள்ளைகளைப் பயங்கரத்திலிருந்து காக்கிறோம் என்போர் உண்மையில் யாரைக் காக்கின்றனர் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

நம் யுத்தத்தைப் பற்றியும் படக்கதை உண்டு. பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லிண்ட்சே பொலொக் வரைந்த 'வன்னி' 2019இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. பல சாட்சியங்களைக் கேட்டுப் பொறுப்போடு ஆக்கப்பட்ட நூல். ஆயினும் அது வந்து கண்டவரின் நூல். தேங்காயைப் பொறுக்கியவளின் பேர்த்தி அதனை எவ்வாறு வரைவாள் என்பது வேறு விடயம். நம் எழுத்தாளர் சிறுவர்க்கெனப் பேனா பிடித்தால் முயலும் ஆமையுமே முதலில் வருகின்றன.

சென்ற வாரம் அவள் எடுத்து வந்தது அலெக்சாந்தர் ரஸ்கினின் 'அப்பா சிறுவனாக இருந்தபோது'. நோயுற்றிருந்த தம் மகளை மகிழ்விக்க ரஸ்கின் சொன்ன கதைகள். சோவியத் காலத்தில் மொஸ்கோவிலிருந்து தமிழில் வந்த அழகிய பதிப்பு. காரின் அடியிற் பந்தை எறிந்த கதையைத் தொடர்ந்து இருமுறை வாசித்தாள். பின் நூலைக் குப்புற வைத்துவிட்டு, "நீங்கள் சின்னனா இருக்கேக்கை என்ன செய்தனீங்கள்? தேங்காய்க் கதை வேண்டாம், வேறை சொல்லுங்கோ" என்றாள். கிணற்றுக்குள் வாளியை விட்டுவிட்டுப் பேசாமலிருந்த கதையைச் சொல்லத் தொடங்கினேன்.